இறால் தலையும் மீன் முள்ளும் குப்பை இல்லை: மீன் கழிவில் இருந்து சாறு, எண்ணெய், பொடி, விழுது செய்ய முழுமையான வழிகாட்டி

மீன் கடையில் ஒரு கிலோ இறால் வாங்கி அங்கேயே உரித்துத் தரச் சொன்னால், வீடு வந்து சேர்வது அரைக்கிலோவும் கொஞ்சமும்தான். தலையும் ஓடும் வாளியில் விழுந்துவிடும், ஆனால் நாம் காசு கொடுத்தது முழுக் கிலோவுக்கு. கொடுவாவையோ பாறையையோ முள் இல்லாமல் சதையாக மட்டும் வெட்டித் தரச் சொன்னால் இன்னும் மோசம். தலை, நடுமுள், தோல், செதில், குடல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மீனில் பாதி எடைக்கு மேல் அந்த வாளிக்குத்தான் போகிறது.

அந்த வாளியில் விழுவதில்தான் சுவை அதிகம் இருக்கிறது. இறால் சதையை மட்டும் தண்ணீரில் போட்டு வேகவைத்துப் பாருங்கள், தலையை மட்டும் இன்னொரு பாத்திரத்தில் வேகவைத்துப் பாருங்கள், எது இறால் வாசனை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் இறால் வாங்கினால் தலையை இடித்துப் பிழிந்து ரசம் வைப்பார்கள், குழம்பு மறுநாளுக்கு மிஞ்சினாலும் அந்த ரசம் மிஞ்சாது. உரித்த இறால் பாக்கெட்டில் வர ஆரம்பித்த பிறகு அந்தப் பழக்கம் பல வீடுகளில் அப்படியே நின்றுபோனது, எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

வீட்டு அளவில், ஒரு கிலோ இரண்டு கிலோ கழிவை வைத்து என்னென்ன செய்யலாம் என்று ஒன்றுவிடாமல் சொல்கிறேன். சிறு தொழிலாகச் செய்ய நினைப்பவர்களுக்கு என்ன மாறும் என்பது கடைசியில் வரும்.

முதலில் நேரக் கணக்கு

இதைப் படிக்காமல் செய்முறைக்குத் தாவ வேண்டாம், ஏனென்றால் இந்த வேலையில் தோற்பவர்கள் பெரும்பாலும் அடுப்பில் தோற்பதில்லை, அடுப்புக்கு வருவதற்கு முன்பே தோற்றுவிடுகிறார்கள்.

இறால் தலையை உடைத்தால் உள்ளே மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு கூழ் இருக்கும். அது இறாலின் செரிமானச் சுரப்பி. கொழுப்பு, புரதம், நாக்கில் ஊறும் அந்த உமாமிச் சுவை எல்லாம் அதில் செறிந்திருக்கிறது. கூடவே புரதத்தைச் செரிக்கும் நொதிகளும் அங்கேதான். இறால் உயிரோடு இருக்கும்வரை அவை சாப்பிட்டதைச் செரிக்கும், செத்த பிறகு இறாலையே செரிக்கத் தொடங்கிவிடும். தலையோடு வைத்த இறாலில் கழுத்துப் பக்கம் முதலில் கொழகொழவென்று ஆவது இதனால்தான். தலை கறுத்துப்போவது வேறொரு நொதி காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை. கறுப்பு மட்டும் இருந்தால் அழுகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, ஆனால் நேரம் ஓடிவிட்டது என்பதற்கு அது நல்ல அறிகுறி. கறுத்த தலையில் எடுக்கும் சாறு கலங்கலாக, ஒரு பழைய வாசனையோடு இருக்கும், எவ்வளவு மிளகு போட்டாலும் மறையாது.

அதனால் கடையிலேயே சொல்லிவிடுங்கள்: "அக்கா, தலையையும் ஓட்டையும் தனிப் பையில போட்டுக் குடுங்க, கீழ வாளியில போட்டுறாதீங்க." பல பேர் உரித்த கழிவு விழுந்த பொது வாளியில் இருந்து எடுத்ததை வாங்காதீர்கள், அது எத்தனை மணி நேரமாக வெயிலில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தலையின் அளவுக்குச் சமமாக உடைத்த ஐஸ் போட்டு எடுத்து வாருங்கள். வீட்டுக்கு வந்தவுடன் அடுப்பில் ஏற்ற முடியாவிட்டால் உடனே ஃப்ரீசருக்குள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் நாளைக்கு என்று வைக்க வேண்டாம்.

எடுக்கக் கூடாதவை சில இருக்கின்றன. அமோனியா வாடை, அதாவது கழிவறை சுத்தம் செய்த மாதிரி காரமான வாடை வந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். மீனில் செவுளும் குடலும் சமையலுக்கு வேண்டாம். பித்தப்பை உடைந்த மீனின் வயிற்றுப் பக்கம் முழுக்கக் கசக்கும். கணவாயின் ஈரல், பெரிய நண்டின் பழுப்புக் கூழ் இரண்டிலும் காட்மியம் மாதிரியான கன உலோகங்கள் சேரும், எப்போதாவது சாப்பிடலாம், ஆனால் அதைச் சுண்டவைத்து விழுதாக்கித் தினமும் சாப்பிடும் பொருளாக மாற்றக் கூடாது. இறால் தலைக் கூழுக்கும் இதே அளவுக் கணக்கை மனதில் வையுங்கள். பேத்தை மீன் எந்த வடிவத்திலும் வேண்டவே வேண்டாம், அதன் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது.

இறால் கறுக்காமல் இருக்கச் சில இடங்களில் சோடியம் மெட்டாபைசல்பைட் கலந்த தண்ணீரில் முக்குவார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு சல்பைட் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வீட்டில் அப்படி யாராவது இருந்தால், முக்காத இறால்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

இறால் தலை: ஒரு வாணலியில் இரண்டு பொருள்

நான் யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் இதில்தான் தொடங்குவேன். செலவு இல்லை, தோல்வி குறைவு, முதல் நாளே சுவை தெரிந்துவிடும்.

ஒரு கிலோ தலையும் ஓடும் எடுத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கோலால் தலையின் முன்கொம்பையும் கண்ணையும் வெட்டிவிடுங்கள், கண்ணுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கறுப்புப் பை இருக்கும், அதுதான் இரைப்பை, மண் இருப்பது அதில்தான், வெட்டும்போதே அதையும் நெம்பி எடுத்துவிடலாம். பிறகு குளிர்ந்த தண்ணீரில் ஒரே ஒரு அலசு. ஊறப் போடாதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள், அந்த ஆரஞ்சுக் கூழ் தண்ணீரோடு போய்விட்டால் மிஞ்சுவது வெறும் கூடு.

வடிகட்டியில் பத்து நிமிடம் நன்றாக வடியவிட்டு, கனமான இரும்பு வாணலியில் 150 மில்லி கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஊற்றி, மிதமான தீயில் தலையையும் ஓட்டையும் சேருங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசனை இறாலை அமுக்கிவிடும். கரண்டியின் பின்புறத்தால் தலைகளை அழுத்தி அழுத்தி நசுக்கிக்கொண்டே 12 முதல் 15 நிமிடம் வதக்க வேண்டும். முதலில் தண்ணீர் விட்டுக்கொண்டு சளசளவென்று இருக்கும், அப்புறம் தண்ணீர் வற்றி ஓடுகள் ஒன்றோடொன்று உரசிக் கலகலக்கும், எண்ணெய் சிவப்பும் ஆரஞ்சுமாக மாறியிருக்கும்.

அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் செய்முறையே புரிந்துவிடும். பச்சை இறால் சாம்பல் நிறமாக இருப்பது, அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி ஒரு புரதத்தோடு கட்டுண்டு கிடப்பதால். சூடு பட்டதும் புரதம் அவிழ்ந்து சிவப்பு வெளியே வருகிறது. இந்த நிறமி கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால்தான் வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்த இறால் சாறு வெளிறிப்போய் இருக்கிறது, எண்ணெயில் வதக்கியது செக்கச்செவேல் என்று இருக்கிறது. கூடவே தண்ணீரில் வேகும்போது கிடைக்காத வறுபட்ட வாசனையும் எண்ணெயில்தான் வரும்.

இப்போது எண்ணெயை மட்டும் வடித்து எடுங்கள். அதைத் தனியாகச் சின்னத் தீயில் வைத்து, குமிழி வருவது முழுதாக நிற்கும்வரை சூடாக்குங்கள். குமிழி வந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம், தண்ணீர் இருந்தால் கெடும். ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் வரும், ஃப்ரீசரில் சில மாதம். இதில் பூண்டைப் போட்டு வெளியே அலமாரியில் வைக்கக் கூடாது, காற்றுப் புகாத எண்ணெய்க்குள் மூழ்கிய ஈரமான பொருளில் பாட்டுலினம் கிருமி வளரும், அந்த நஞ்சு வாசனையிலோ நிறத்திலோ தெரியாது. சூடான சோற்றில் இந்த எண்ணெய் ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் உப்பு, பொரித்த சின்ன வெங்காயம், போதும்.

வாணலியில் மிஞ்சிய ஓட்டில் ஒன்றரை லிட்டர் தண்ணீர், நசுக்கிய சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஐந்தாறு பல், ஒரு தேக்கரண்டி மிளகு சேர்த்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து 25 முதல் 30 நிமிடம் விடுங்கள். மூடி வேண்டாம், நுரையை எடுத்துக்கொண்டே இருங்கள், உப்பு இப்போது போடாதீர்கள். இன்னும் நேரம் கூட்டினால் சுவை கூடும் என்று நினைப்பது தவறு, அரை மணிக்கு மேல் போனால் ஓட்டின் சுண்ணாம்புச் சுவைதான் இறங்கும். வடிகட்டியதும் தலைகளை உரலிலோ கெட்டியான பாத்திரத்திலோ போட்டு இடித்து, ஒரு கரண்டி சாறு விட்டுப் பிழிந்து, மறுபடி துணியில் வடிகட்டிச் சேருங்கள். கடைசிச் சுவை எல்லாம் அந்தப் பிழிசாற்றில்தான் இருக்கிறது.

இதை அப்படியே ரசம் வைக்கலாம். வைத்துக்கொள்ள வேண்டுமானால் கால் லிட்டர் ஆகும்வரை சுண்டவைத்து ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். உப்பு போடாமல் இருந்ததன் பயன் இங்கேதான் தெரியும், போட்டிருந்தால் சுண்டிய சாறு வாயில் வைக்க முடியாத உப்பாக இருக்கும். ஒரு கட்டி ஒரு டம்ளர் சாறுக்குச் சரி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தெருக்கடைகளில் விற்கும் இறால் நூடுல்ஸ் சூப்பின் அடித்தளம் கிட்டத்தட்ட இதே வேலைதான், வறுத்த இறால் தலையும் ஓடும், அதோடு பன்றி எலும்பு சேர்ப்பார்கள். பிரெஞ்சுக்காரர்களின் பிஸ்க் சூப்பும் ஓட்டை வதக்கித்தான் தொடங்குகிறது.

பொடி: காயவைப்பதில்தான் எல்லாம்

சாறு எடுத்த ஓட்டில் பொடி செய்தால் சுவை இருக்காது. பொடிக்குப் புதிதாக ஒரு பங்கு தலையும் ஓடும் வேண்டும். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் 5 நிமிடம் போட்டு எடுங்கள். இது நொதியை நிறுத்தும், கிருமியையும் குறைக்கும்.

பிறகு காயவைக்க வேண்டும். என் முதல் முயற்சியை ஐப்பசி மாதத்தில் செய்தேன், மொட்டை மாடியில் பேப்பர் விரித்து மேலே குவித்தாற்போலப் பரப்பினேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் மேலே காய்ந்திருக்கிறது, அடியில் ஈரமும் வாடையும், இரண்டு கிலோவையும் கொட்ட வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து மூன்று விதிகள் வைத்திருக்கிறேன்: கம்பி வலையில் ஒரே அடுக்கு, காற்று அடியிலும் போக வேண்டும், மழை மாதத்தில் வெயிலை நம்பக் கூடாது. ஓவனோ டிரையரோ இருந்தால் 60 முதல் 70 டிகிரியில், ஓவன் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, 6 முதல் 8 மணி நேரம் ஆகும். வளைத்தால் வளையக் கூடாது, அப்பளம் மாதிரி ஒடிய வேண்டும். தலையின் தடித்த பகுதியை ஒடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், கால்களும் மெல்லிய ஓடும் சீக்கிரமே காய்ந்து ஏமாற்றிவிடும்.

காய்ந்ததை வெறும் வாணலியில் சின்னத் தீயில் வாசனை வரும்வரை வறுத்து, ஆறவைத்து, மிக்ஸியில் அரைத்து, மைதா சலிக்கும் சல்லடையில் சலியுங்கள். மேலே நிற்பதைத் திரும்ப அரையுங்கள். இந்த இடத்தில் பொறுமை வேண்டும், ஏனென்றால் ஓட்டுத் துணுக்கு தொண்டையில் குத்தும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் மாவு மாதிரி இருக்க வேண்டும், மணல் மாதிரி இருந்தால் இன்னும் அரைக்க வேண்டும்.

100 கிராம் இறால் பொடிக்கு வறுத்த உளுந்து 50 கிராம், வரமிளகாய் எட்டு, மல்லி இரண்டு மேசைக்கரண்டி, சீரகம் ஒரு மேசைக்கரண்டி, நன்றாகக் காய்ந்த கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, நெல்லிக்காய் அளவு புளியை வாணலியில் சூடுகாட்டியது, தேவையான உப்பு. எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து அரைத்துக் கலந்தால் சோற்றுக்கும் இட்லிக்கும் பொடி தயார். ஓட்டில் கால்சியம் நிறைய இருக்கிறது, கைட்டின் என்ற நார்ப்பொருளும் இருக்கிறது, கைட்டின் பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறும். அதனால் சாப்பிடும் நாளில் ஒன்றிரண்டு தேக்கரண்டி போதும், சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் பொடியைத் தொடவே கூடாது, ஒவ்வாமை தரும் புரதம் வறுத்தாலும் அழியாது.

மீன் முள்ளும் தலையும்

கொடுவா, சங்கரா, பாறை, விளைமீன் மாதிரி வெள்ளைச் சதை மீன்களின் முள்ளில்தான் தெளிவான, இதமான சாறு வரும். மத்தி, காணாங்கெளுத்தி, சூரை எல்லாம் எண்ணெய்ச் சத்துள்ள மீன்கள், அவற்றின் முள்ளைச் சாறு வைத்தால் வாடை தூக்கும்.

சதையாக வெட்டிய மீனின் நடுமுள்ளைக் கையில் எடுத்துப் பாருங்கள், முள்ளுக்கு முள் நடுவில் எவ்வளவு சதை ஒட்டியிருக்கிறது என்று. ஒரு தேக்கரண்டியை எடுத்துத் தலைப்பக்கத்தில் இருந்து வால்பக்கம் சுரண்டினால் பெரிய கொடுவாவின் முள்ளில் ஒரு கிண்ணம் சதை வந்துவிடும். தொழிற்சாலைகளில் இதையே எலும்பு நீக்கும் இயந்திரத்தில் செய்து மீன் கட்லெட்டுக்கும் ஃபிஷ் ஃபிங்கருக்கும் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் அதை ஆவியில் வேகவைத்து உதிர்த்து, சுறா புட்டு செய்யும் முறையிலேயே பூண்டும் மிளகும் அதிகம் போட்டுச் செய்யுங்கள்.

சுரண்டி முடித்த முள்ளில் முதுகுத்தண்டை ஒட்டிக் கறுப்பாக ஒரு ரத்தக்கட்டு ஓடும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அதைத் தேய்த்து எடுங்கள். தலையில் செவுளை முழுதாக நீக்குங்கள். சாறு கசப்பதற்கும் கலங்குவதற்கும் இந்த இரண்டும்தான் காரணம். ஒரு கிலோ முள்ளுக்கு ஒன்றரை லிட்டர் குளிர்ந்த தண்ணீர், இஞ்சி ஒரு துண்டு, மிளகு, மல்லித்தண்டு. மெதுவாகச் சூடேற்றி, கொதிக்கவிடாமல், ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வரும் நிலையிலேயே 30 நிமிடம். ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் பார்த்தால் சாறு அல்வா மாதிரி தளதளவென்று ஆடினால் நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள், அது தோலிலும் முள்ளிலும் இருந்த கொலாஜன் ஜெலட்டினாக மாறியது. யாழ்ப்பாணத்தில் ஒடியல் மாக் கூழுக்கு, அதாவது காய்ந்த பனங்கிழங்கு மாவில் வைக்கும் கூழுக்கு, மீன் தலை, நண்டு, இறால் எல்லாம் போட்டுக் காய்ச்சுவார்கள்.

சாறு எடுத்தபின் முள்ளை எறிய வேண்டாம். அது குக்கருக்குப் போகட்டும். டின் மீனில் முள் மிருதுவாக, கடித்தால் கரைகிறதே, அது 120 டிகிரிக்குப் பக்கத்துச் சூட்டில் வேகவைப்பதால். வீட்டுக் குக்கரும் கிட்டத்தட்ட அந்தச் சூட்டுக்குத்தான் போகிறது, ஆகவே நமக்குத் தேவை நேரம் மட்டும். முள் மூழ்கும் அளவு தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசல் சேருங்கள், புளிப்பு முள்ளை இளக்கும். மத்தி, காணாங்கெளுத்தி முள்ளுக்கு விசில் வந்தபின் சின்னத் தீயில் 40 நிமிடம். கொடுவா, பாறை முள்ளுக்கு ஒன்றரை மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும், நடுவில் ஒருமுறை திறந்து தண்ணீர் பார்த்துக்கொள்ளுங்கள். விரலால் அழுத்தினால் சுண்ணாம்புக்கட்டி மாதிரி நொறுங்க வேண்டும். நொறுங்காத பெரிய தலை எலும்புகளையும் துடுப்புப் பக்கத்துக் கூர்முட்களையும் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை மிக்ஸியில் விழுதாக அரையுங்கள். உருளைக்கிழங்கு மசித்து கட்லெட் செய்யும்போது பத்தில் ஒரு பங்கு இந்த விழுதைச் சேர்த்தால் யாருக்கும் தெரியாது, ஆனால் கால்சியமும் பாஸ்பரசும் உள்ளே போகும். பால் குடிக்காத பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை நான் கட்டாயம் பரிந்துரைப்பேன், அரைத்ததை ஒருமுறை சல்லடையில் தேய்த்து எடுத்த பிறகு.

மாலத்தீவு சொல்லித் தரும் விழுது

மாலத்தீவில் ரிஹாகுரு என்று ஒரு பழுப்பு விழுது உண்டு. மாசிக்காகச் சூரை மீனை உப்புத் தண்ணீரில் வேகவைப்பார்கள், அந்த மாசிதான் தூத்துக்குடியிலும் இலங்கையிலும் நம் சமையலறைக்கு வந்து சேர்ந்த மாசிக் கருவாடு. வேகவைத்த தண்ணீரை அவர்கள் கொட்டுவதில்லை. மறுபடி மறுபடி காய்ச்சி, நுரையை எடுத்து, நாள் முழுக்கச் சுண்டவைத்து, கரண்டியில் ஒட்டும் விழுதாக்கிவிடுகிறார்கள். தேங்காய், மிளகாய், எலுமிச்சையோடு ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அதைவிட வேறு வேண்டாம். வேகவைத்த தண்ணீரைக்கூட வீணாக்காத அந்தப் புத்தியை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம் முள் சாற்றையும் இறால் சாற்றையும் பாதிக்குப் பாதி கலந்து இதேபோல் சுண்டவைக்கலாம். இரண்டு லிட்டர் சாறு 150 மில்லி ஆகும்வரை, கடைசிக் கால் மணி நேரம் நகராமல் கிண்டிக்கொண்டே, இறக்கும்போது இரண்டு தேக்கரண்டி உப்பு. ஃப்ரிட்ஜில் வையுங்கள். குழம்பு இறக்கும்போது கால் தேக்கரண்டி போதும், அதுவும் எப்போதாவதுதான், தினமும் வேண்டாம்.

ஆனால் சூரை, காணாங்கெளுத்தி, மத்தியில் இதைச் செய்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உருவாகும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு எல்லாம் வரும். கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் உறையவைத்தாலும் ஹிஸ்டமின் போகாது, சுண்டவைத்தால் இன்னும் செறியும். பிடித்ததில் இருந்து ஐஸில் இருந்த மீன் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் செய்யுங்கள், தெரியாவிட்டால் வெள்ளை மீனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தோல், சினை, நண்டுக்கால், நெத்திலித் தலை

கொடுவாத் தோலைச் செதில் இல்லாமல் சுரண்டி, இரண்டு நிமிடம் கொதிநீரில் போட்டு, உள்பக்கக் கொழுப்பை வழித்து, நன்றாகக் காயவைத்து 180 டிகிரி எண்ணெயில் பொரித்தால் அப்பளம்போலப் பொரியும். சூடாக இருக்கும்போதே மிளகாய்த்தூளும் உப்பும். மீன் சினையை எறிபவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், ஆவியில் வேகவைத்து உதிர்த்துப் பொரியலாகச் செய்யுங்கள். நண்டின் சின்னக் கால்களைச் சாப்பிடச் சிரமப்பட்டு எறிய வேண்டாம், அம்மியில் நசுக்கிச் சாறு எடுத்தால் நண்டு ரசத்துக்கு அதுவே போதும்.

நெத்திலி ஆயும்போது கிள்ளி எறியும் தலையில் மீன் சாஸ் செய்யலாம். வியட்நாமிலும் தாய்லாந்திலும் முழு நெத்திலியையே போடுவார்கள், எடையில் மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு கல் உப்பு. கண்ணாடி ஜாடியில் அடுக்கி, மேலே கனம் வைத்து, மீன் எப்போதும் உப்புநீருக்குள் மூழ்கியிருக்கும்படி 8 மாதம் முதல் ஒரு வருடம் விட்டால், மீனின் சொந்த நொதிகளே புரதத்தை உடைத்துத் தெளிந்த பழுப்புச் சாறாக்கிவிடும். உப்பு அதிகம் என்று அளவைக் குறைத்தால் அது அழுகல்தான், சாஸ் ஆகாது. நெத்திலியிலும் ஹிஸ்டமின் வரும் என்பதால் அன்று பிடித்து ஐஸில் வந்ததைத்தான் போட வேண்டும். வடித்துக் கொதிக்கவைத்து பாட்டிலில் ஊற்றுங்கள். ரசத்தில் நாலு சொட்டு.

விற்க நினைத்தால்

உறவினருக்குக் கொடுத்த பொடியைப் பார்த்து நாலு பேர் கேட்கத் தொடங்கியதும் விற்கலாமே என்று தோன்றும். நல்லதுதான். எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு இல்லாமல் தொடங்காதீர்கள். லேபிளில் இறால், மீன் இருப்பதை ஒவ்வாமை எச்சரிக்கையாகத் தெளிவாகப் போட வேண்டும். பொடியின் ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா, ஆய்வகத்தில் கிருமிப் பரிசோதனை எப்படி வந்தது என்று பார்த்த பிறகுதான் எத்தனை மாதம் தாங்கும் என்று எழுத முடியும், குத்துமதிப்பாக ஆறு மாதம் என்று போடுவது வாங்குபவருக்குச் செய்யும் துரோகம். சாறு, எண்ணெய், விழுது மூன்றையும் தொடக்கத்தில் விற்க வேண்டாம், குளிர்ச்சி அறுபடாமல் கொண்டுபோவது சிறு தொழிலுக்குக் கடினம். காய்ந்த பொடி ஒன்றையே நன்றாகச் செய்யுங்கள்.

மூலப்பொருளுக்கு இறால் உரிக்கும் கொட்டகையோடு பேசி, உரித்த அரை மணிக்குள் உங்கள் ஐஸ் பெட்டிக்கு வரும்படி ஏற்பாடு செய்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. இன்று அந்தத் தலையும் ஓடும் பெரும்பாலும் தீவனத்துக்கும், கைட்டினில் இருந்து செய்யும் கைட்டோசான் என்ற பொருளை எடுப்பதற்கும் மலிவாகப் போகிறது அல்லது கொட்டப்படுகிறது. தீவனத்துக்குப் போகும் பொருளுக்கு யாரும் ஐஸ் போட மாட்டார்கள், நீங்கள் உணவுக்கு எடுக்கிறீர்கள் என்பதைச் சொல்லி, அதற்கான விலையையும் கொடுக்க வேண்டும்.

படிக்கவும் பயிற்சிக்கும் இடம் இருக்கிறது. கொச்சியில் 1957 முதல் இயங்கும் மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனம் கைட்டின், கைட்டோசானில் இருந்து மீன் உணவுப் பொருள்கள்வரை நிறைய வேலை செய்திருக்கிறது. தூத்துக்குடியில் 1977இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி இருக்கிறது, நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் 2012இல் வந்தது. தொழிற்சாலை அளவில் செய்பவர்கள் கழிவை அரைத்து, 50 முதல் 60 டிகிரியில் புரதம் உடைக்கும் நொதியோடு சில மணி நேரம் வைத்து, பிறகு 90 டிகிரிக்கு ஏற்றி நொதியை நிறுத்தி, வடிகட்டித் தூளாக்குகிறார்கள், சூப் தூளுக்கும் நூடுல்ஸ் மசாலாவுக்கும் போகும் சுவைத்தூள்களில் இப்படிச் செய்வதும் உண்டு. வீட்டில் இதை முயல வேண்டாம், அந்தச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே இறங்கினாலும் கிருமி பெருகும்.

ஐஸ்லாந்து இதில் எங்கோ போய்விட்டது. காட் என்ற குளிர்கடல் மீனின் தலையையும் முள்ளையும் புவிவெப்பச் சூட்டில் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள், அங்கே அது சூப்புக்கு விரும்பி வாங்கும் பொருள். தோலில் இருந்து கொலாஜனும், புண்ணுக்குக் கட்டும் மருத்துவப் பொருளும் செய்கிறார்கள். அவர்களுக்குக் காயவைக்க பூமிக்குள் இருந்து வெந்நீர் கிடைக்கிறது, நமக்கு வருடத்தில் எட்டு மாதம் வெயில் கிடைக்கிறது, சோலார் டிரையர் ஒன்றைக் குழுவாகச் சேர்ந்து வாங்கினால் கரையோர ஊர்களில் இது நடக்கக்கூடிய காரியம்தான்.

கடைசியில் மிஞ்சும் குடலும் செவுளும்

சாப்பிட முடியாத குடல், செவுள், செதில், பிழிந்த இறால் சக்கை இவை செடிக்குப் போகட்டும். உப்பு சேர்ந்த சக்கை வேண்டாம், அது மண்ணைக் கெடுக்கும். எடைக்கு எடை வெல்லம் தட்டிப் போட்டு, பிளாஸ்டிக் வாளியில் மூடி, வாளியில் கொஞ்சம் இடம் விட்டு, நிழலில் 25 நாள் வையுங்கள். நடுவில் இரண்டு மூன்று முறை மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுங்கள். மீன் வாடை போய்ப் பழவாடை வந்தால் மீன் அமிலம் தயார். வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி கலந்து, சாயங்கால நேரத்தில் கறிவேப்பிலைச் செடிக்கும் கத்தரிச் செடிக்கும் தெளியுங்கள். பூனை வராத இடமாகப் பார்த்து வாளியை வைக்க வேண்டும், மூடியின் மேல் ஒரு செங்கல் அவசியம்.